நாற்பதுக்குக் கீழே

ஆலாம்புதூர் தாலுகாவில் ஒரு மாட்டுக்குக்கூட வலி கிடையாது. யாரோ வாய்க்கு வந்தபடி அளந்ததில்லை இது. அரசாங்க வரைபடமே அப்படித்தான் சொன்னது. விலங்கு நல ஆய்வாளர் சுகன்யாவின் மேசைக்கு எதிரே சுவரை அடைத்துக்கொண்டு அந்த வரைபடம் ஒளிர்ந்துகொண்டிருக்கும். நாற்பத்திரண்டாயிரம் புள்ளிகள், அத்தனையும் பச்சை. பக்கத்துத் தாலுகாக்களில் தினமும் பத்து இருபது சிவப்பு முளைக்கும், அணையும், மறுபடி முளைக்கும். இங்கே மூன்றரை வருஷமாக ஒன்றுகூட இல்லை. காலையில் வந்ததும் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி அந்தச் சுவரை ஒரு முறை ஆசை தீரப் பார்த்துவிட்டுத்தான் சுகன்யா நாற்காலியில் உட்காருவாள். பெருமைதான், வேறென்ன. பதினோரு வருஷம் ஓடியாடி வேலை செய்தவள், பெருமைப்படக்கூடாதா?

ஊரில் அதை வலிச்சட்டம் என்பார்கள். முழுப்பெயர் மூன்று வரி நீளம், சுகன்யாவுக்கே சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். மாடோ எருமையோ வண்டிக் குதிரையோ, எதுவானாலும் இடது காதில் ஒரு பொத்தான் குத்த வேண்டும். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ரத்தத்தையும் நாடியையும் தசைத் துடிப்பையும் பார்த்து, அந்த உயிருக்கு இந்த நிமிஷம் எவ்வளவு வலி என்று பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணைச் சொல்லும். நாற்பதுக்குக் கீழே இருந்தால் பச்சை. நாற்பதைத் தொட்டுப் பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டால் சிவப்பு. யாரும் புகார் கொடுக்க வேண்டியதில்லை, வழக்கு தானாகவே பதிவாகி ஆய்வாளர் கைக்கு வந்துவிடும். ஐந்து வருஷத்துக்குள் மூன்று வழக்கு விழுந்தால் அந்த வீட்டுக் கால்நடை மொத்தத்தையும் காப்பகத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். கன்று போடும் வலிக்கு மட்டும் சட்டமே பெரிய மனசு பண்ணிப் பன்னிரண்டு மணி நேரம் விடுப்பு கொடுத்திருந்தது.

சட்டத்தை ஒரேயடியாகத் திட்டிவிடவும் முடியாது. சுகன்யா கல்லூரியில் படித்த நாளில், சந்தை லாரியிலிருந்து விழுந்த மாடு ஒன்றை எழுப்பி நிறுத்த அதன் கண்ணில் மிளகாய்த்தூளைத் தேய்த்ததை நேரில் பார்த்தவள். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்த வேலைக்கு அவள் வந்ததே அதனால்தான். வந்த முதல் இரண்டு வருஷத்தில் அந்த மிளகாய்த்தூள் கூட்டத்தை ஓட ஓட விரட்டினாள். அதற்காக அவளைக் கும்பிடலாம். அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை.

திங்கட்கிழமை காலை கள்ளியங்காட்டிலிருந்து பூபதி போன் பண்ணினார். நான்கு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர், ஐம்பதைத் தாண்டியவர், அதிகம் பேசாதவர். அவரிடம் சிட்டு என்று ஒரு செவலைப் பசு. அதன் பின்னங்காலில் ஆணி ஏறி, உள்ளே சீழ் கட்டி, இரண்டு மாதமாகக் கால் ஊன்றுவதில்லை. ஒரு நடை வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். அன்று சாயங்காலமே சுகன்யா போனாள். போகாமல் இருக்கிற ஆள் இல்லை அவள்.

சிட்டு மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. தூக்கிப் பிடித்த காலின் குளம்பைச் சுற்றி வீக்கம், ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. சுகன்யா கையிலிருந்த கருவியைக் காதருகே காட்டினாள். முப்பத்தொன்பது. பச்சை.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டியதுதானே என்று கேட்டாள். பூபதி பொறுமையாகச் சொன்னார். அறுபது கிலோமீட்டர். இந்தக் காலோடு வண்டியில் ஏற்றினால் ஊர் எல்லை தாண்டுவதற்குள் சிவப்பு எரியும், வழக்கு விழும். இங்கேயே மரத்துப்போகிற ஊசி போட்டு அறுக்கலாம் என்றால், அந்த ஊசியை ஆஸ்பத்திரிக்கு வெளியே விற்கவே தடை. பொத்தானை ஏமாற்ற ஆளாளுக்கு அந்த ஊசியைப் போட்டுவிட்டார்கள் என்று ஏழு வருஷத்துக்கு முன்னால் அரசாங்கமே பூட்டி வைத்தது. ஆக, மாடு விழித்திருக்கும்போதே குளம்பைக் கீறிச் சீழை எடுக்க வேண்டும். அரை மணி நேரம் எண் எழுபது எண்பதுக்குப் போகும். பூபதி பேரில் ஏற்கெனவே இரண்டு வழக்கு இருக்கிறது. இது மூன்றாவதாகிவிடும்.

அந்த இரண்டு வழக்கையும் போட்டது சுகன்யாதான். நான்கு வருஷத்துக்கு முன்னால் இதே சிட்டுவுக்கு முன்னங்காலில் இதே கோளாறு. டாக்டர் ஜெரால்டு என்று ஒரு கால்நடை மருத்துவர், பக்கத்து ஊர்க்காரர், வந்து கீறிச் சீழை எடுத்தார். சிவப்பு. இரண்டு நாள் கழித்துப் புண்ணைக் கழுவிக் கட்டினார். மறுபடி சிவப்பு. வைத்தியம்தானே பண்ணினேன் என்று அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். முன்கூட்டியே விலக்கு வாங்காமல் செய்தது தப்பு என்று சுகன்யா அறிக்கை அனுப்பினாள். டாக்டரின் உரிமம் நிறுத்தப்பட்டது. இப்போது மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கிறார். அவருக்கே அந்தக் கதி என்றான பிறகு தாலுகாவில் வேறெந்த மருத்துவரும் கத்தியைக் கையில் எடுக்கவில்லை. வரைபடம் முழுப் பச்சையானது அதிலிருந்துதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க சுகன்யாவுக்குத் தோன்றவில்லை.

விலக்கு என்று ஒன்று சட்டத்தில் இல்லாமல் இல்லை. குணமாக்கும் வலிக்கு ஆய்வாளர் விலக்கு தரலாம். பக்கத்திலேயே நின்று பார்த்து, 'என் கண் முன்னே இத்தனை நிமிஷம் வலித்தது, நியாயமான வலி' என்று செயலியிலும் எழுத வேண்டும், சிவப்பு அட்டை போட்ட காகிதப் பதிவேட்டிலும் எழுத வேண்டும். ஆரம்பத்தில் எங்கோ ஓர் ஆய்வாளர் விலக்கை விற்றுத் தின்றுவிட்டார். அன்றிலிருந்து மேற்பார்வைக் குழு ஒவ்வொரு விலக்கையும் தோண்டித் துருவும். ஏன் கொடுத்தாய், எவ்வளவு வாங்கினாய் என்கிற மாதிரியே கேட்பார்கள். சுகன்யா யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடிக்காதவள். அந்தக் கேள்வியைக் கேட்கிற வாய்ப்பையே யாருக்கும் கொடுக்கக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தாள். பதினோரு வருஷத்தில் ஒரு விலக்கு கொடுத்ததில்லை. அவளுடைய பதிவேட்டில் முதல் பக்கத்தின் முதல் வரிகூடக் காலி.

"ஒரே ஒரு விலக்கு எழுதுங்க மேடம்" என்றார் பூபதி. "ஜெரால்டு சாரு வர்றேங்கறாரு. அரை மணி நேரங்க. சீழ வெளிய எடுத்துட்டா நாலு நாள்ல ஊனி நடந்துருங்க."

"வியாழக்கிழமை கமிட்டி வருதுங்க பூபதி. அது முடியட்டும். வெள்ளிக்கிழமை நானே வந்து நிக்கறேன்."

"இன்னிக்கே முப்பத்தொம்பதுங்க."

"நாப்பது ஆகலையே" என்றாள் சுகன்யா.

பூபதியின் மனைவி கலாமணி தண்ணீர்ச் சொம்போடு வந்தவர், அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார். பிறகு சொம்பைச் சுகன்யாவிடம் நீட்டினார். வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளிக்கிழமைதான், கட்டாயம் வருவேன் என்று சுகன்யா இரண்டு முறை சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பொய்யாகச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வருவதாகத்தான் இருந்தாள்.

வியாழக்கிழமை மேற்பார்வைக் குழு வந்தது. இணை இயக்குநர் வரதராஜன், கூட மூன்று பேர். நல்ல மனிதர்தான், மாடு என்றால் உருகுவார், ஆனால் மாட்டை எல்லாம் திரையில்தான் பார்ப்பார். வரைபடத்தின் முன் நின்று கைதட்டினார். சுகன்யாவின் பதிவேட்டை வாங்கி, காலிப் பக்கங்களைப் புரட்டி, எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். பதினோரு வருஷத்தில் ஒரு விலக்குகூட இல்லை, இதற்குப் பேர்தான் நிர்வாகம் என்றார். அலுவலகத்தில் எல்லோரும் தட்டினார்கள். சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் அவர், "உங்க முறை என்னன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்கம்மா. எல்லாத் தாலுகாவுக்கும் அனுப்பி, இதே மாதிரி செய்யச் சொல்லிடலாம்" என்றார். மாநில அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி காத்திருக்கிறது என்றும் சொன்னார்.

குழுவில் மதுமிதா என்று ஒரு பெண், புள்ளிவிவரம் பார்க்கிறவள். சாப்பாட்டு நேரத்தில் சுகன்யாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாராட்டத்தான் வந்தாள், பாவம்.

"உங்க தாலுகாவுல எண்ணெல்லாம் ரொம்ப நிலையா இருக்கு மேடம். மத்த இடத்துல ஒரு மாடு எழுபதுக்கு ஏறும், ரெண்டே நாள்ல அஞ்சுக்கு வந்துரும். இங்க அந்தக் குதியே இல்ல. முப்பத்தஞ்சுக்கு மேல போன மாடு மாசக்கணக்கா அங்கேயே நிக்குது. ஆனா நாப்பதத் தாண்டல. எப்படிப் பாத்துக்கறீங்க?"

எத்தனை மாடு அப்படி நிற்கிறது என்று கேட்டாள் சுகன்யா. நாலாயிரத்துச் சொச்சம் என்றாள் மதுமிதா, தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே.

சுகன்யாவுக்கு அதற்குமேல் கை வாய்க்குப் போகவில்லை. எண்ணைப் பார்க்கிற வழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. சுவரில் நிறம்தான் தெரியும். பூஜ்யமும் பச்சை, முப்பத்தொன்பதும் அதே பச்சை. எழுபதுக்கு ஏறி ஐந்துக்கு இறங்குவது என்றால் என்ன? யாரோ கீறியிருக்கிறார்கள், கழுவியிருக்கிறார்கள், கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தத் தாலுகாக்களில் வைத்தியம் நடந்திருக்கிறது. இங்கே நாலாயிரம் மாடு நாற்பதுக்கு ஒரு படி கீழே, யாரும் கைவைக்காமல் பச்சையாக நின்றுகொண்டிருக்கிறது. அவளுடைய 'முறை' அதுதான். அதைத்தான் நாலு பக்கம் எழுதிக் கேட்கிறார்கள்.

கை கழுவப் போகிற சாக்கில் எழுந்து போய், போனில் சிட்டுவின் எண்ணைத் தட்டிப் பார்த்தாள். திங்கள் முப்பத்தொன்பது. செவ்வாய் முப்பத்தொன்பது. புதன் முப்பத்தொன்று. இன்றைக்குப் பதினான்கு. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சீழ் தானாக உடைத்துக்கொண்டிருக்கும், சில மாட்டுக்கு அப்படி ஆகும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். குழு கிளம்பியதும், வெள்ளிக்கிழமைவரை காத்திராமல், பதிவேட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். வழியெல்லாம் பதினான்கு, பதினான்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனாள்.

நான்கு மணிக்குக் கொட்டகையில் நல்ல வெயில் விழுந்திருந்தது. சிட்டு படுத்திருந்தது. தலையைத் தரையில் போட்டிருந்தது. பூபதி அதன் கழுத்தடியில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே கவிழ்த்த வாளிமேல் டாக்டர் ஜெரால்டு. அவளைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை. சுகன்யா கருவியைக் காட்டினாள். ஒன்பது.

"குறைஞ்சிருச்சே டாக்டர்" என்றாள். அவளுக்கே தன் குரல் நன்றாக இல்லை.

"குறையல மேடம், அடங்குது" என்றார் ஜெரால்டு. "செவ்வாக்கிழமையே வெஷம் ரத்தத்துல ஏறிப்போச்சு. எனக்கு வலிக்குதுன்னு சொல்றதுக்கும் ஒடம்புல தெம்பு வேணுமில்ல? அந்தத் தெம்பு இல்லைன்னா பொத்தானுக்கு ஒண்ணும் கேக்காது."

இப்போது கீறினால் என்று ஆரம்பித்தாள். இப்போது கீறி ஒன்றும் ஆகப் போவதில்லை, திங்கட்கிழமை கீறியிருக்கலாம் என்றார் அவர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, பேசாமல் இருக்க முடியாதவர் போல, வேறொன்று சொன்னார். நாற்பது என்ற எல்லையை வகுத்த ஆராய்ச்சிக் குழுவில் இளவயதில் அவரும் இருந்தாராம்.

"நாப்பதுல என்ன இருக்குன்னு நெனச்சீங்க? எந்த வலிக்கு மாடு தீனிய நிறுத்துதோ, பால் குறையுதோ, அதான் நாப்பது. முப்பத்தொம்பதுல தின்னும், கறக்கும், நிக்கும். அதுக்குக் கீழ வலியே இல்லைன்னு நாங்க எங்கயும் எழுதல. நீங்களாத்தான் அப்படிப் படிச்சுக்கிட்டீங்க."

சுகன்யா பூபதி பக்கத்தில் போய்ச் சாணித் தரையிலேயே உட்கார்ந்தாள். ஏழு. ஐந்து. சிட்டு ஒரு தடவை காதை அசைத்தது, ஈ ஓட்டுவதற்கு அசைக்கிற மாதிரிதான். நாலரை மணி வாக்கில் எண் பூஜ்யத்துக்கு வந்து நின்றது. பொத்தானில் பச்சை முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது. பூபதியின் சட்டைப் பையில் போன் ஒலித்தது. எடுத்துப் பார்த்தார், சுகன்யாவிடம் நீட்டினார். துறையிலிருந்து வந்த தானியங்கிச் செய்தி. 'தங்கள் கால்நடை முற்றிலும் வலியின்றி உள்ளது. தங்கள் அக்கறைக்குப் பாராட்டுகள்.'

கலாமணி கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அங்கிருந்தபடியே சொன்னார்.

"அந்தக் காலுக்கு ரெண்டு கேசு போட்டீங்க, மாடு நடந்துச்சு. இந்தக் காலுக்குக் கேசே இல்லீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். சுகன்யா அங்கேயே அழுதுவிட்டாள், உத்தியோகமும் மேற்பார்வையும் மறந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு. யாரும் தேற்றவில்லை. தேற்றவேண்டும் என்று அவளும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, போனில் விலக்குப் படிவத்தைத் திறந்தாள். சிட்டுவின் பொத்தான் எண்ணைப் போட்டாள். என் கண் முன்னே வலித்தது, இரண்டு மாதம் என்று எழுதினாள். அனுப்பினாள். உடனே பதில் வந்துவிட்டது. வலி அளவு பூஜ்யம். இந்தக் கால்நடைக்கு விலக்கு தேவையில்லை.

அவள் இன்னொரு தடவை அனுப்பினாள். அதே பதில்தான்.

ஜெரால்டு வாளியிலிருந்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். அவர் கிளம்பப் போகிறார் என்று தெரிந்ததும் சுகன்யாவும் எழுந்தாள். கத்தி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கடையில் இருக்கிறது, நான்கு வருஷமாகத் தொடவில்லை என்றார். எடுத்துவரச் சொன்னாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். உரிமம் இல்லாதவனை அறுக்கச் சொன்னால் அது தனிக் குற்றம், தெரியுமல்லவா என்றார். தெரியும், அதையும் நானே எழுதுகிறேன் என்றாள். பிறகு பூபதியிடம் திரும்பினாள்.

"இந்த ஊர்ல முப்பத்தஞ்சுக்கு மேல நிக்கறது வேற எங்கெங்க இருக்குங்க?"

பூபதி சிட்டுவின் கழுத்திலிருந்து கையை எடுக்காமலே சொல்ல ஆரம்பித்தார். கோடி வீட்டில் ஓர் எருமை, மடியில் கட்டி. மேட்டுத்தோட்டத்தில் ஒரு காளை, கொம்படியில் புழு. ரேஷன் கடைக்குப் பின்னால் இரண்டு. சொல்லிக்கொண்டே போனார். யார் வீட்டில் எந்த மாட்டுக்கு எந்த இடத்தில் என்ன என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. தெரியாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

அன்றைக்குச் சாயங்காலம் இருட்டுவதற்குள் கோடி வீட்டு எருமையின் கட்டியைக் கீறினார்கள். நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். எருமை கத்திய கத்தலில் தெருவே வந்து நின்றுவிட்டது. இந்த நான்கு வருஷத்தில் அந்த ஊரார் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. எழுபத்தாறு. எண்பத்தொன்று. சுகன்யா இரண்டு காதையும் பொத்திக்கொள்ளாமல், சட்டத்தில் எழுதியிருக்கிறபடி, பக்கத்திலேயே நின்று பார்த்தாள். இருபத்திரண்டு நிமிஷம். மறுநாள் காலையில் எருமையின் எண் ஆறு.

அடுத்த செவ்வாய்க்கிழமைக்குள் அறுபத்துமூன்று விலக்கு. அவளுடைய அலுவலகச் சுவரில் பச்சைக்கு நடுவே சிவப்பு திட்டுத் திட்டாகக் கிளம்பியிருந்தது. வரதராஜன் போன் பண்ணினார். உண்மையிலேயே பதறிப்போயிருந்தார் மனிதர். என்னம்மா ஆச்சு, தாலுகா ஏன் இப்படி எரிகிறது, யாராவது மிரட்டுகிறார்களா, பணம் கிணம் என்று பேச்சு வந்துவிடுமே என்றார். மாநில அலுவலக நாற்காலியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

"ஒண்ணும் ஆகல சார்" என்றாள் சுகன்யா. "வைத்தியம் நடக்குது."

விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். வரட்டும் என்றாள். மூன்றாம் நாளே வந்தது, பதிவேட்டோடு நேரில் வரும்படி.

போவதற்கு முந்தின நாள் மத்தியானம் பதிவேட்டை ஒரு முறை சரிபார்த்தாள். ஒவ்வொரு வரியிலும் மாட்டின் பொத்தான் எண், இடம், நிமிஷம், கீறியவர் பெயர். கீறியவர் பெயருக்கு எதிரே எல்லா வரியிலும் ஒரே வாசகம்தான்: டாக்டர் ஜெரால்டு, உரிமம் என் அறிக்கையால் நிறுத்தப்பட்டது. எல்லாம் சரியாக இருந்தது. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, மேடம், வரிசை எண் இரண்டிலிருந்து ஆரம்பித்திருக்கிறீர்களே, முதல் வரியை விட்டுவிட்டீர்களா, கமிட்டியில் கேட்பார்களே என்றார்.

கேட்கட்டும் என்றாள் சுகன்யா. அந்த வரி சிட்டுவுக்கு.